ஜப்பான் டீமை வருஷம் பூரா ஃபாலோ பண்றவங்க யாராச்சும் இருக்கீங்களா?

கோல்போஸ்ட்_குமரன்:

வணக்கம் மக்களே. 2022 வேர்ல்டு கப்புல ஜெர்மனியை 2-1னு கவுத்தாங்களே, அந்த மேட்ச்லேருந்து நான் ஜப்பான் பக்கம் சாஞ்சிட்டேன். அப்புறம் ஸ்பெயின் மேட்ச், குரோஷியா கூட பெனால்டில போனது, எல்லாம் பாத்தாச்சு. இப்ப இந்த 2025 அக்டோபர் 14 அன்னிக்கு டோக்கியோல பிரேசில் கிட்ட ஃபர்ஸ்ட் ஹாஃப்ல ரெண்டு வாங்கிட்டு செகண்ட் ஹாஃப்ல மூணு திருப்பிப் போட்டு 3-2னு ஜெயிச்சதுக்கப்புறம் பைத்தியம் முத்திடுச்சு. பிரேசிலை அவங்க ஜெயிக்கிறது அதான் முதல் தடவை.

பிரச்சனை என்னன்னா, டீம் சேர்ந்து ஆடுறது ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஒரு பத்து நாள். மத்த நேரமெல்லாம் ஆளுங்க இங்கிலாந்து, ஜெர்மனி, ஹாலந்து, பெல்ஜியம், ஸ்பெயின், ஸ்காட்லாந்துன்னு சிதறிக் கெடக்காங்க. ஆப்ல எல்லாரையும் ஃபேவரிட் போட்டு வச்சேன், வீக்கெண்டு ஆனா போன் விடாம அடிக்குது, ஆனா எதையும் உருப்படியா பாக்க முடியல. ஒருத்தனுக்காக முழு மேட்ச் உக்காந்தா கடைசி வரைக்கும் அவன் வார்ம்-அப் மட்டும் பண்ணிட்டு ஜாக்கெட்டை மாட்டிட்டு போயிடறான்.

நீங்கல்லாம் எப்படி பண்றீங்க? எந்த லீகை பிடிக்கிறது, யாரை விடுறது? இன்னொண்ணு, ப்ளேயருக்காக க்ளப்பையும் சப்போர்ட் பண்ணுவீங்களா இல்ல அவன் க்ளப் மாறினா கூடவே மாறிடுவீங்களா?

---

ஆஃப்சைடு_ஆறுமுகம்:

எல்லாரையும் பாக்கணும்னு நெனைச்சா யாரையும் பாக்க மாட்டீங்க, இதான் முதல் விஷயம். 2022 ஸ்க்வாடுல 26 பேர்ல 19 பேர் யூரோப்ல ஆடுறவங்க. 1998ல முதல் தடவை வேர்ல்டு கப் போனப்ப 22 பேரும் உள்ளூர் ஜே லீக் ஆளுங்க, ஒருத்தன் கூட வெளியில இல்ல. அப்ப ஃபாலோ பண்றது ஈஸி, நகாடா அதே வருஷம் இத்தாலி க்ளப் பெருஜாவுக்கு போனப்புறம் ஜப்பானே அந்த ஒரு ஆளைத் தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப அது நடக்காது.

நான் பண்றது இதான். ரெண்டு பேர், மிஞ்சிப்போனா மூணு பேர். அதுவும் பெரிய க்ளப் ஆளை எடுக்க மாட்டேன். பெரிய க்ளப்புல இருக்கிறவன் பாதி நேரம் பெஞ்சுல. எண்டோ லிவர்பூல் போனப்புறம் முதல் சீசன் நல்லா ஆடினாரு, கோச் மாறினதும் கடைசி பத்து நிமிஷம் கதவை சாத்துறதுக்குன்னு இறக்கற ஆளா ஆயிட்டாரு. ஜப்பான் கேப்டன் அவரு! ஆனா அதே எண்டோவை ஸ்டுட்கார்ட்ல பாத்திருந்தீங்கன்னா தெரியும், வாரா வாரம் 90 நிமிஷம், கையில கேப்டன் பேண்டு. 2022 மே 14, சீசனோட கடைசி நாள், கோல்ன் கூட மேட்ச் 1-1ல நிக்குது, அப்படியே முடிஞ்சா ரெலிகேஷன் ப்ளேஆஃப், தோத்தா கீழ் டிவிஷன். இன்ஜுரி டைம் ஓடுது. ஒரு கார்னர், பெட்டிக்குள்ள இடோ ஹிரோகி தலையால பின்னாடி தட்டி விடறாரு, தூர போஸ்ட்ல எண்டோ ஆளே இல்லாம நிக்கறாரு, தலையால உள்ள. ரெண்டு ஜப்பான்காரங்க சேர்ந்து ஒரு ஜெர்மன் க்ளப்பை காப்பாத்தினாங்க, ஜனங்க கிரவுண்டுக்குள்ள எறங்கிட்டாங்க. அந்த மாதிரி ஒரு மேட்ச் பாத்தா அந்த ப்ளேயர் உங்க ஆளு. அதுக்கப்புறம் அவன் பெரிய க்ளப்புல பெஞ்சுல உக்காந்தா கூட வலிக்கும், ஆனா அது வேற வலி.

அதனால நடு டேபிள், கீழ் டேபிள் க்ளப் பாருங்க. பெல்ஜியத்துல சின்ட்-ட்ரூயிடன்னு ஒரு சின்ன க்ளப், 2017லேருந்து ஜப்பான் கம்பெனி டிஎம்எம் கையில இருக்கு. எண்டோ, கமாடா, டோமியாசு, கோல்கீப்பர் சுசுகி சியோன் எல்லாரும் அது வழியா மேல போனவங்கதான். அடுத்து யாரு வரப்போறாங்கன்னு தெரியணும்னா அங்க யாரு ஆடுறாங்கன்னு ஒரு கண்ணு வச்சாலே போதும், மேட்ச் கூட பாக்க வேணாம், லைன்-அப் பாத்தா போதும்.

அசானோ கோலை ஞாபகம் இருக்கா, ஜெர்மனி மேட்ச்ல ரெண்டாவது? இடாகுரா தன்னோட பாதியிலேருந்து ஃப்ரீ கிக் எடுத்து நீளமா தூக்கி போடறாரு, மேலேருந்து எறங்கற பந்தை அசானோ ஒரே டச்ல ஓட்டத்தோட எடுத்துக்கிட்டு, ஜெர்மன் டிஃபெண்டர் ஸ்க்லாட்டர்பெக் தோள்ல ஒட்டிக்கிட்டு வர வர, கோணமே இல்லாத எடத்துலேருந்து கோல்கீப்பர் நோயரோட தலைக்கும் போஸ்டுக்கும் நடுவுல அடிச்சாரு. டிவில பாத்தவங்களுக்கு அது ஒரு அதிர்ஷ்ட கோல். ஆனா அவரு போகும்ங்கற ஜெர்மன் க்ளப்புல வாரா வாரம் இதே பயர்ன் மியூனிக், இதே டார்ட்மண்ட் டிஃபெண்டருங்க கூட முட்டிக்கிட்டு இருந்தவரு, செப்டம்பர்ல முழங்கால் லிகமெண்ட் போயி வேர்ல்டு கப் வரைக்கும் க்ளப்புக்கே ஆடல, ஜப்பான் கோச் மொரியாசு அப்பவும் பேரை சேர்த்தாரு. அன்னிக்கு ஸ்க்வாடுல ஜெர்மனில ஆடுற ஆளுங்க எட்டு பேர். முதல் கோல் அடிச்ச டோவான் ஃப்ரைபர்க் க்ளப் ஆளு. இதெல்லாம் தெரிஞ்சிருந்தா அந்த மேட்ச் உங்களுக்கு வேற மேட்ச்.

க்ளப் சப்போர்ட் பத்தி கேட்டீங்க. நான் மாற மாட்டேன், ஆளு போனாலும் ஸ்டுட்கார்ட் ஸ்கோரை இப்பவும் பாக்கறேன். பழக்கம் விடமாட்டேங்குது.

---

சும்மா_பாக்கறவன்:

ப்ரோ எதுக்கு இவ்ளோ கஷ்டம். நேஷனல் டீம் மேட்சை மட்டும் பாருங்க. மத்த நாள்ல போட்ட கோல் க்ளிப்பு அடுத்த நாள் காலைல எப்படியும் கண்ணுல படும். ரசிக்கறதுக்கு தானே ஃபுட்பால், ஹோம்வொர்க் பண்றதுக்கா. நான் பத்து வருஷமா இப்படித்தான் இருக்கேன், ஒண்ணும் குறைஞ்சு போகல.

---

ஆஃப்சைடு_ஆறுமுகம்:

க்ளிப்புல விங்கர் மிடோமா ட்ரிபிளிங் பண்றது மட்டும்தான் வரும், அவரு எத்தன தடவ பின்னாடி ஓடி வந்து டிஃபெண்ட் பண்றாருன்னு வராது. 2024 செப்டம்பர்லேருந்து மொரியாசு டீமை 3-4-2-1க்கு மாத்தி மிடோமாவையும் டோவானையும் விங்-பேக்குல போட்டாரு, சீனாவை 7-0னு அடிச்ச மேட்ச் அதுதான். ரெண்டு பேரும் க்ளப்புல விங்கர். இங்க முழு சைடும் அவங்க பொறுப்பு. க்ளிப் மட்டும் பாக்கறவங்க "மிடோமா ஏன் கோல் போடல"ன்னு கேப்பாங்க. நீங்க ரசிங்க தல, தப்பில்ல, ஆனா குமரன் கேட்டது முழுசா ஃபாலோ பண்றத பத்தி.

---

ஜேலீக்_பைத்தியம்:

எல்லாரும் யூரோப்பை பத்தியே பேசறீங்க, ஆளுங்க எங்கேருந்து போறாங்கன்னு யாரும் சொல்லல. நீங்க ஒருத்தனை அவன் கிளம்புறதுக்கு முன்னாடியே பிடிக்கணும், அதுல இருக்க சுகமே தனி.

2020ல கவாசாகி ஃப்ரன்டாலேன்னு ஒரு டீம், ஜே லீக்கை ஊதித் தள்ளிட்டு ஜெயிச்சாங்க. அந்த ஒரே டீம்ல மிடோமா, டனாகா ஆவ், மொரிடா, ஹடாடே நாலு பேரும். ரெண்டே வருஷத்துல நாலு பேரும் யூரோப். ஸ்பெயின் மேட்ச்ல அந்த ரெண்டாவது கோல், பந்து கோட்டைத் தாண்டிச்சா தாண்டலையான்னு உலகமே சண்டை போட்டுச்சே, உள்ள இழுத்துப் போட்டது மிடோமா, முழங்கால்ல தள்ளினது டனாகா. ரெண்டு பேரும் கவாசாகில மட்டும் இல்ல, சின்ன பசங்களா இருக்கும்போதே சகினுமாங்கற ஏரியா க்ளப்புல ஒண்ணா ஆடினவங்க. இடாகுராவும் அங்கதான். டனாகா அந்த பந்து வரும்னு நம்பி ஓடினதுக்கு எத்தன வருஷப் பழக்கம் இருக்கு பாருங்க.

இன்னொண்ணு நெறைய பேருக்கு தெரியாது, ஜப்பான்ல யூனிவர்சிட்டி ஃபுட்பால் ரொம்ப ஸ்ட்ராங். மிடோமா ட்சுகுபா, உயேடா ஹோசேய், மொரிடா ர்யூட்சூ கெய்சாய், ஹடாடே ஜுன்டெண்டோ. மிடோமா ட்ரிபிளிங்கை வச்சே தீசிஸ் எழுதி டிகிரி வாங்கினவரு. அதனால இவங்க இருபத்து மூணுலேருந்து இருபத்து அஞ்சு வயசுல தான் யூரோப்புக்கு வருவாங்க, பாக்கறவங்க "லேட்டா வந்துட்டான்"ம்பாங்க. குபோ அதுக்கு நேர் எதிர், சின்ன வயசுலயே பார்சிலோனா அகாடமி, பதினெட்டு வயசுக்கு கீழ வெளிநாட்டு க்ளப்புல சேரக்கூடாதுங்கற ஃபிஃபா ரூல்னால ஆட முடியாம திரும்பி வந்து எஃப்சி டோக்கியோல ஆடி, 2019ல ரியல் மாட்ரிட் வாங்கி, லோன் லோனா அலைஞ்சு 2022ல ரியல் சோசிடாட்ல வந்து நின்னாரு. அந்த அலைச்சல் இல்லாம இன்னிக்கு அவரு ஆட்டத்துல இருக்க அந்த முரட்டுத்தனம் வந்திருக்காதுன்னு நான் நினைக்கிறேன், ஆனா இது என் கருத்து தான், சண்டைக்கு வராதீங்க.

உங்களுக்கு நல்ல காலம் வேற. ஜே லீக் 2025 வரைக்கும் பிப்ரவரி டு டிசம்பர் நடந்துச்சு, 2026லேருந்து ஆகஸ்ட் டு மே ஆகுது, யூரோப் காலண்டர் மாதிரியே. இப்ப நடு சீசன்ல ஆளு கிளம்பிப் போறதும், அங்க போயி ப்ரீ-சீசன் இல்லாம திணறுறதும் குறையும். கிழக்காசியா கப்புன்னு ஈ-1 இருக்கே, அது ஃபிஃபா விண்டோவுல (நாட்டு மேட்சுக்குன்னு ஒதுக்கின நாள்ல) வராது, யூரோப் க்ளப் ஆளை விட வேண்டியதில்ல, அதனால ஜப்பான் ஜே லீக் டீமோடதான் போகும். 2025 ஜூலைல ஜெர்மெய்ன் ர்யோன்னு ஒரு முப்பது வயசுக்காரரு முதல் மேட்ச்லயே ஹாங்காங் கூட நாலு கோல் போட்டாரு. அந்த டோர்னமெண்டை யாரும் பாக்கறதில்ல, நீங்க பாருங்க.

---

சைதாமா_சரவணன்:

நான் வேலை விஷயமா ஜப்பான்லயே இருக்கேன், அதனால இந்தப் பக்கத்தையும் சொல்றேன்.

இங்க இருக்க ஃபேன்ஸுக்கே இது பெரிய பாடு. ஜெர்மனில சனிக்கிழமை மத்தியானம் 3.30 மேட்ச்னா இங்க ராத்திரி பத்தரை, குளிர்காலத்துல பதினொன்றரை, அது பரவால்ல. சாம்பியன்ஸ் லீக்னா விடிகாலை நாலு இல்ல அஞ்சு மணி. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்காரு, நாலு மணிக்கு எழுந்து மேட்ச் பாத்துட்டு அப்படியே குளிச்சு ட்ரெயின் ஏறுவாரு, மத்தியானம் மீட்டிங்ல கண்ணு திறந்துக்கிட்டே தூங்குவாரு. ஆனா அவரு எல்லா மேட்சும் பாக்க மாட்டாரு. காலைல ஆறு மணிக்கு லைன்-அப், ரிசல்ட் பாப்பாரு, நம்மாளு ஸ்டார்ட் பண்ணியிருந்தா மட்டும் ரீப்ளே. குமரன் சார், உங்க வார்ம்-அப் ப்ராப்ளத்துக்கு இதவிட நல்ல வழி இல்ல. லைன்-அப் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடும், பேரு இல்லன்னா லைவ்வை விட்டுடுங்க.

நான் 2025 மார்ச் 20 பஹ்ரைன் மேட்சுக்கு சைதாமா ஸ்டேடியத்துக்கு போயிருந்தேன், 2-0 ஜெயிச்சு 2026 வேர்ல்டு கப்புக்கு தகுதி வாங்கினாங்களே, ஹோஸ்ட் நாடுங்களை விட்டா உலகத்துலயே முதல் டீம். உராவா-மிசோனோ ஸ்டேஷன்ல எறங்கினா நேரா ஒரு ரோடு, எல்லாரும் நீலம், அமைதியா வரிசையா நடக்கறாங்க. உள்ள போனதும் கோலுக்குப் பின்னாடி மேளம் ஆரம்பிச்சா முடியற வரைக்கும் நிக்காது, ஒவ்வொரு ப்ளேயருக்கும் ஒரு பாட்டு. கமாடா முதல் கோல், குபோ ரெண்டாவது. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பெரியவரு கமாடா கோல் போட்டதும் என் கையைப் பிடிச்சிக்கிட்டு க்ரிஸ்டல் பேலஸ்ல அவரு எந்த எடத்துல ஆடணும், இப்ப எந்த எடத்துல தப்பா ஆட வைக்கறாங்கன்னு பத்து நிமிஷம் க்ளாஸ் எடுத்தாரு. மேட்ச் ஓடிக்கிட்டு இருக்கு, அவரு லண்டன் பத்தி பேசறாரு. அதே கமாடா மே மாசம் பேலஸோட எஃப்ஏ கப் தூக்கினாரு, பெரியவரு அன்னிக்கு என்ன பண்ணியிருப்பாருன்னு நெனைச்சு சிரிச்சேன்.

ஸ்க்வாடு அறிவிக்கற நாளையும் விடாதீங்க. மொரியாசு உக்காந்து பேர் பேரா படிப்பாரு, ஜேஎஃப்ஏ (ஜப்பான் ஃபுட்பால் சங்கம்) யூட்யூப்லயே லைவ் வரும். நம்ம ஆளு பேரு வருதா இல்லையான்னு அந்த அஞ்சு நிமிஷம் இருக்கே, பெனால்டி தோத்துடும் போல. அந்த மனுஷன் 1993ல டோஹாவுல ஈராக் மேட்ச்ல கடைசி நேரத்துல கோல் வாங்கி வேர்ல்டு கப் வாய்ப்பு போச்சே, அந்த டீம்ல ஆடினவரு. 2022ல அதே டோஹா பக்கம் ஜெர்மனியை ஜெயிச்சப்ப இங்க வயசானவங்க அழுததுக்கு அது ஒரு காரணம்.

---

கோல்போஸ்ட்_குமரன்:

செம்மங்க எல்லாருக்கும். லைன்-அப் ஐடியா சூப்பர், இத்தன நாளா ஏன் இது தோணல. ஆறுமுகம் அண்ணே, ஸ்டுட்கார்ட் கோலை இப்பதான் தேடிப் பாத்தேன், ரெண்டு தடவ பாத்தேன்.

ஆனா ஒரு டவுட். க்ளப்புக்கும் நாட்டுக்கும் நடுவுல எந்தப் பக்கம் நிக்கறது? நண்பன் ஒருத்தன் லிவர்பூல் ஃபேன், ஜப்பான் மேட்ச் வந்தாலே "என் ஆளை உடைச்சு அனுப்பாதீங்க"ங்கறான்.

---

ரெட்_ரேவதி:

நானும் லிவர்பூல் தான், உங்க நண்பன் பக்கம் பேச ஒருத்தி வேணுமில்ல.

2023 கடைசில எண்டோ எங்க டீம்ல அப்பதான் செட் ஆனாரு, டிசம்பர்ல பெரும்பாலான மேட்ச் ஸ்டார்ட். ஜனவரில ஆசியன் கப், கத்தார் கிளம்பிட்டாரு. ஃபிஃபா ரூல்படி விட்டே ஆகணும், க்ளப்பு வாயத் திறக்க முடியாது. அங்க ஜப்பான் ஈராக் கிட்ட தோத்து, அப்புறம் காலிறுதில ஈரான் கிட்ட 2-1 தோத்து வெளிய. எனக்கு கோவம் வந்துச்சு, ஒளிக்க என்ன இருக்கு. ஆனா அந்த மாசம் பூரா அவரு மேட்சை உக்காந்து பாத்தேன், அங்க அவரு வேற ஆளு, கத்தறாரு, கை காட்டறாரு, எல்லாரையும் நிறுத்தி வைக்கறாரு. நம்ம டீம்ல ஓரமா நிக்கறவருக்குள்ள இப்படி ஒரு கேப்டன் இருக்கான்னு அப்பதான் தெரிஞ்சுது. அதுலேருந்து நானும் ஜப்பான் மேட்ச் பாக்கறேன், உங்க நண்பனையும் ஒரு மேட்ச் உக்கார வைங்க.

ஆனா அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ரஷ்யா வான்வழி மூடினதுலேருந்து யூரோப் டு டோக்கியோ ஃப்ளைட் பதினாலு மணி நேரம் பக்கம். விண்டோ முடிஞ்சு புதன்கிழமை கிளம்பி வியாழன் வந்து சனிக்கிழமை ஆடணும். மிடோமா 2023 டிசம்பர்ல கணுக்கால் அடி பட்டு கிடந்தாரு, அப்பவும் ஆசியன் கப் லிஸ்ட்ல பேரு. அவரோட க்ளப் ப்ரைட்டன் ஃபேன்ஸ் எப்படி இருந்திருப்பாங்க? இதுக்காகத் தான் ஜேஎஃப்ஏ சில ஃப்ரெண்ட்லியை யூரோப்லயே வைக்கறாங்க, டுஸல்டார்ஃப்ல ஒரு ஆபீஸே போட்டிருக்காங்க. 2023 செப்டம்பர்ல வோல்ஃப்ஸ்பர்க்ல ஜெர்மனியை 4-1னு அடிச்சாங்களே, அடுத்த நாளே ஜெர்மனி கோச் ஃப்ளிக் வேலை போச்சு. ஆளுங்க ட்ரெயின்லயே க்ளப்புக்கு திரும்பிப் போற தூரம். அந்த மாதிரி விண்டோ வந்தா எனக்கும் சந்தோஷம் உங்களுக்கும் சந்தோஷம்.

அடுத்த ஆசியன் கப் 2027 ஜனவரில சவுதில. அப்ப மறுபடியும் சண்டை போடுவோம்.

---

சும்மா_பாக்கறவன்:

பாத்தீங்களா, நான் சொன்ன மாதிரி சும்மா பாத்திருந்தா இந்த பஞ்சாயத்தே இல்ல 😄

---

நடேஷிகோ_நளினி:

இத்தன பதில்ல ஒருத்தர் கூட பொண்ணுங்க டீம் பத்தி சொல்லலையே. 2011ல வேர்ல்டு கப்பே ஜெயிச்சவங்க, ஆம்பளைங்க 2022 வரைக்கும் வேர்ல்டு கப் காலிறுதி கூட பாக்கல. ஹசெகாவா யூய் மான்செஸ்டர் சிட்டில நடுவுல நின்னு ஆட்டத்தையே நடத்தறா, மியாசாவா ஹினாட்டா 2023 வேர்ல்டு கப்புல அஞ்சு கோல் போட்டு கோல்டன் பூட் வாங்கி நேரா மான்செஸ்டர் யுனைடெட். ஹமானோ 2023ல செல்சி போனவ. ஜப்பான் பொண்ணுங்க நெறைய பேர் இங்கிலாந்து பொண்ணுங்க லீக் டபிள்யூஎஸ்எல்லயே இருக்கறதால ஒரே லீகை பிடிச்சா பாதி டீமை பாத்துடலாம், ஆறு நாடு அலைய வேணாம். குமரன், உங்க ப்ராப்ளம் "ஆளுங்க சிதறிக் கெடக்காங்க"ன்னா உங்களுக்கு ஏத்த டீம் இதுதான்.

---

ஜேலீக்_பைத்தியம்:

நளினி சொன்னது பக்கா. ஹசெகாவா முதல் டச் ஒண்ணு போதும், டிக்கெட் காசு வந்துடும்.

---

கோல்போஸ்ட்_குமரன்:

சரி முடிவு பண்ணிட்டேன். ஆம்பளைங்கள்ல ரெண்டு பேர். உயேடா, ஹாலந்து க்ளப் ஃபெயனூர்ட்ல ஒன்பதாம் நம்பர், வாரா வாரம் ஸ்டார்ட் பண்றாரு, பிரேசில் கூட இடோ ஜுன்யா கார்னர்ல ஜெயிக்கற ஹெடரும் அவரோடது. இன்னொருத்தர் டனாகா ஆவ். ஜெர்மனி செகண்ட் டிவிஷன்லேருந்து லீட்ஸ் போயி, 2024-25 சீசன்ல 100 பாயிண்ட் எடுத்து ப்ரமோஷன் வாங்கின டீம்ல ஆடினவரு, இப்ப ப்ரீமியர் லீக்ல நெலைக்கறாரா பாக்கணும். மத்தவங்க எல்லாரையும் நோட்டிஃபிகேஷன்லேருந்து தூக்கிட்டேன், மிடோமாவை தூக்கும்போது மட்டும் கை நடுங்குச்சு. நளினி சொன்னதுக்காக சிட்டி பொண்ணுங்க மேட்ச் ஒண்ணு இந்த வாரம் பாக்கறேன்.

---

ஆஃப்சைடு_ஆறுமுகம்:

நல்ல செலக்‌ஷன். ஆனா லீட்ஸ் இப்பதான் மேல வந்த டீம், கீழ போகாம இருக்கறதுக்கு மே மாசம் வரைக்கும் முட்டிக்கிட்டே இருப்பாங்க, டனாகா ஸ்டார்ட் பண்ணாத வாரமும் வரும். அன்னிக்கு கோச்சை திட்டணும்னா இங்க வந்து திட்டுங்க, நாங்க இருக்கோம்.

---

ரெட்_ரேவதி:

லிவர்பூல் கூட மேட்ச் அன்னிக்கு மட்டும் வராதீங்க.